சிவப்பு நட்டைத் தொடாதீர்கள்

பழைய மிலிட்டரி வண்டி வைத்திருப்பவர்களும் வாங்க ஆசைப்படுபவர்களும் எழுதிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சினைப் பற்றியும் பெயிண்டைப் பற்றியும்தான். பிரேக் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் வண்டி நடுரோட்டில் மாட்டிக்கொண்ட பிறகு. அதனால் சில இடங்களில் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் அப்பா லாரி டிரைவராக இருந்தவர். மிலிட்டரி ஏலத்தில் ஒரு வண்டி எடுத்து, நாங்கள் இரண்டு பேருமாகச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சக்திமான் எடுக்கலாமா, நிசான் ஒன் டன்னா, ஜோங்காவா? கையில் 4 லட்சம் இருக்கிறது.
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, எந்த வண்டி என்று முடிவு செய்யும் முன் அதை எங்கே நிறுத்துவீர்கள், சக்கரத்தை யார் தூக்குவார்கள் என்று பாருங்கள். சக்திமான் முழு லாரி. ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியிடம் உரிமம் வாங்கி 1959-ல் ஜபல்பூரில் கட்ட ஆரம்பித்த வண்டி, ஆறு சிலிண்டர் டீசல், ரோட்டில் 5 டன் சுமை, ரோடு இல்லாத இடத்தில் 3 டன் என்பது அதன் கணக்கு. அதன் சக்கரத்தை ஒருமுறை தனியாகக் கழற்றி மாட்டியவர்கள் அடுத்த முறை இரண்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்கள். உங்கள் அப்பாவிடம் கனரக லைசென்ஸ் இருக்கலாம், உங்களிடம் இருக்கிறதா? மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் கார் லைசென்ஸ் செல்லாது.

நிசான் ஒன் டன் சின்ன லாரி, ஜோங்கா ஜீப் மாதிரி வண்டி, இரண்டும் ஜபல்பூரில் கட்டியவைதான். இரண்டிலும் 3,956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஜோங்கா என்ற பெயரே அந்த ஜபல்பூர் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி வைத்தது. ஜோங்காவுக்கு இப்போது ஆசைப்படுகிறவர்கள் அதிகம், விலையும் அப்படித்தான். என்னைக் கேட்டால் ஒன் டன். லாரியின் குணம் எல்லாம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சாதாரண வீட்டு ஷெட்டில் வைத்தே முழு வண்டியையும் பிரித்துக் கோர்த்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது காகிதம். ராணுவ வண்டியின் நம்பரில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதற்கடுத்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய வருஷம். அந்த நம்பர் ராணுவத்துக்குச் சொந்தம், உங்களுக்கு வராது. ஏலத்தில் எடுத்த கடிதம், வண்டியை வெளியே விட்ட உத்தரவு, சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவற்றை வைத்துத்தான் படிவம் 20 போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் புதிதாகப் பதிவு செய்ய முடியும். லாட் விவரத்தில் ஸ்கிராப் என்று போட்டிருந்தால், பதிவு செய்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள். வேறொருவர் ஏற்கெனவே ஏலத்தில் எடுத்துப் பதிவு செய்து ஓட்டிய வண்டியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸிஸ் நம்பரை வண்டியில் உங்கள் கையால் துடைத்துப் படித்துவிட்டு வாங்குங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதி தனியாக இருக்கிறது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது, இதற்கெல்லாம்தான். அதுவும் இரண்டு சக்கர, நாலு சக்கர சொந்த உபயோக வண்டிகளுக்கு என்றுதான் விதி சொல்கிறது. ஆறு சக்கர லாரி வைத்திருப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ.விடம் நேரில் கேட்டுவிடுங்கள்.

4 லட்சத்தையும் ஏலத்தில் கொட்டிவிடாதீர்கள். வண்டியை வீட்டுக்கு ஏற்றி வரும் வாடகை, ஐந்து டயர், நாலு சக்கரத்திலும் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், எல்லா பிரேக் ஹோஸும், இத்தனைக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் வண்டி பாருங்கள். எஞ்சின் ஓடவில்லை என்றால் வண்டி ஷெட்டில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அப்படி விட முடியாது.

ஒலிவ் பச்சையில் பெயிண்ட் அடிக்கலாமா? நிறைய பேர் அடித்து ஓட்டுகிறார்களே?
— சேலம் வாசகர்

அடிக்கக் கூடாது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவ வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்தப் பச்சை கூடாது என்று சொல்கிறது. மற்றவர்கள் ஓட்டுகிறார்கள் என்பது செக்போஸ்ட்டில் பதிலாகாது. அம்புக்குறி நம்பர், படைப்பிரிவுச் சின்னம், நட்சத்திரம் இவையும் வேண்டாம். மண் நிறம் அடியுங்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய பிரிட்டிஷ் படை லாரிகள் அந்த நிறத்தில்தான் இருந்தன, ஆக அது போலியும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டிங்கரிங் ஷாப்பில் கொடுத்து ஒரேயடியாகக் கிரைண்டர் போட்டுவிடாதீர்கள். கதவிலும் தொட்டியின் பின்பலகையிலும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். என் வண்டியின் கதவில் நாலு அடுக்கு பெயிண்டுக்குக் கீழே வெள்ளை ஸ்டென்சிலில் டயர் காற்று அளவு எழுதியிருந்தது, எழுதியவர் கை நடுங்கியதோ என்னவோ கடைசி எழுத்து சற்று இழுபட்டிருந்தது. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்த கோட் அடித்தேன்.

ஜோங்கா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பத்து கிலோமீட்டர் போனதும் முன் இடது சக்கரம் கொதிக்கிறது, வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் பிரேக் ஷூவைத் தேய்த்துக் கொடுத்தார், இரண்டே நாளில் மறுபடியும் அதே கதை. நேற்று பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது.
— பொள்ளாச்சி வாசகர்

ஷூவின் மேல் தப்பு இருக்காது. ஹோஸைப் பாருங்கள்.

சேஸிஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே வருஷக்கணக்கில் பிரேக் ஆயிலில் ஊறி ரப்பர் வீங்கி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது கால் பலத்தில் ஆயில் அந்தத் துளை வழியாகப் போய்விடும். காலை எடுத்ததும் ஆயிலைத் திருப்பித் தள்ள வேண்டியது ஷூவின் ஸ்பிரிங் மட்டும்தான், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. ஷூ டிரம்மை ஒட்டியபடியே நிற்கும், சூடாகும், சூட்டில் ஆயில் விரிந்து இன்னும் அழுத்தும். ஆறினால் மெதுவாகக் கசிந்து திரும்பும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. சக்கரம் பிடித்திருக்கும் நேரத்திலேயே அதை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாது. இப்போது ஹோஸின் மேல் முனையில், இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுக்கொடுத்தால் ஹோஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைத்திருக்கும் அல்லது பெடல் கொஞ்சம் சும்மா ஆடும் இடைவெளி (ஃப்ரீ பிளே) இல்லாமல் வைத்திருப்பார்கள். மேலே தளர்த்தியும் சக்கரம் பிடித்தே இருந்து, கீழே வீல் சிலிண்டரின் பிளீடரை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகைத் திறந்ததும் விட்டால் ஹோஸ்தான். இரண்டுக்கும் அசையாவிட்டால் வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

ஒரு ஹோஸ் போனால் மற்றவையும் அதே வயசுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். இந்த வண்டிகளில் பிரேக் லைன் ஒன்றே ஒன்று. இன்றைய கார்களில் ஒரு லைன் உடைந்தாலும் இன்னொன்று பிடிக்கும், இதில் ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம்தான் சிலிண்டருக்குள் துருவாகிறது, ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தைத் தூக்கச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். ஜோங்கா, ஒன் டன், போர்க்கால ஜீப் இவற்றிலெல்லாம் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் பூட்டியே இருந்தாலும், இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமும் சுற்றும், வண்டி உருளும். எங்கள் தெருவில் கண்ணுக்கே தெரியாத சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஜாக்கி போட்டேன், நட்டைக் கழற்ற ஸ்பேனரை அழுத்தினேன், வண்டி நிதானமாக முன்னால் நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது. கால் வெளியே இருந்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு வைத்த பழக்கம். இந்த ஹேண்ட் பிரேக்கை ஓடும்போதும் இழுக்காதீர்கள், ஷாஃப்டும் கியரும் தாங்காது.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் போர்க்கால ஷெவர்லே லாரி ஒன்று கிடக்கிறது. சக்கரத்தில் நடுவில் ஒரு வட்டம் நட்டும், வெளியே இன்னொரு வட்டம் நட்டும் இருக்கிறது. வெளி வட்டத்தில் பழைய சிவப்பு பெயிண்ட் தெரிகிறது. டயரைக் கழற்ற எதைத் திறக்க வேண்டும்?
— நீலகிரி வாசகர்

திறப்பதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. அந்தச் சிவப்பு அலங்காரத்துக்கு அடித்ததில்லை. ரிம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டது, இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை அந்த வெளி வட்ட நட்டுகள். டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் திறந்தால், கடைசி இரண்டு மூன்று நட்டு தாங்காமல் ரிம் பாதி வெடித்துக் கிளம்பும். எதிரில் ஆள் இருந்தால் பிழைக்க மாட்டார். இருட்டிலும் அவசரத்திலும் சிப்பாய் தவறாகக் கை வைத்துவிடக் கூடாது என்றுதான் பிரிட்டிஷ் படையில் அவற்றுக்குச் சிவப்பு அடித்தார்கள். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்ற, ஹப்பை ஒட்டிய உள்வட்ட நட்டுகளை மட்டும் திறங்கள்.

டயரைப் பிரிக்க வேண்டும் என்றால் சக்கரம் இன்னும் வண்டியில் இருக்கும்போதே வால்வு ஊசியை முழுக்கக் கழற்றிவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டது என்பதால் காற்று போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துருவோ மண்ணோ வால்வை அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், டயரை மிதித்துப் பாருங்கள், துவண்டு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சிவப்பு நட்டு.

லாக் ரிங், அதாவது டயரின் ஓரத்தைப் பிடிக்கும் தனி இரும்பு வளையம் போட்ட ரிம்மும் அதே அளவு ஆபத்து, அது காற்று அடிக்கும்போது. கூண்டுக்குள் வைத்து அடியுங்கள், கூண்டு இல்லாத ஊரில் ரிம்மைச் சுற்றி கனமான சங்கிலி போட்டு, ரிங் இருக்கும் பக்கத்தைத் தரைக்குத் திருப்பி, நீண்ட ஹோஸை மாட்டிவிட்டு விலகி நின்று அடியுங்கள். பஞ்சர் கடைத் தம்பி இந்த மாதிரி ரிம்மை இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். வண்டியை அவரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கூடவே இருந்து சொல்லுங்கள். முப்பது வருஷம் தொழில் பார்த்த ஒருவர் சுத்தியலை ஓங்கியதை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

ஒன் டன் எவ்வளவு மைலேஜ் தரும்?
— கரூர் வாசகர்

என்னுடையது லிட்டருக்கு மூன்றரை, நல்ல நாளில் நாலு. மாதம் 100 கிலோமீட்டர் ஓட்டினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாங்குங்கள்.

நான் வரலாறு படிக்கும் மாணவன். இரண்டாம் உலகப்போர் லாரிகள் நம் நாட்டில் உண்மையிலேயே ஓடினவா? எங்கே, எவை?
— மதுரை மாணவர்

ஓடின தம்பி, அதுவும் போரின் மிகக் கடினமான பாதை ஒன்று நம் அசாமின் லேடோவிலிருந்துதான் கிளம்பியது. பர்மா ரோட்டை ஜப்பான் அடைத்துவிட்டதால் சீனாவுக்குத் தரைவழியாகச் சரக்கு அனுப்ப முடியவில்லை. மலையையும் காட்டையும் வெட்டி லேடோ ரோடு போட்டார்கள். 113 வண்டிகள் கொண்ட முதல் வரிசை 1945 ஜனவரி 12 அன்று லேடோவிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 4 அன்று சீனாவின் குன்மிங் போய்ச் சேர்ந்தது. தூரம் 1,700 கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் காலத்து அமெரிக்க லாரிகளில் பெயர்பெற்றது ஜி.எம்.சி.யின் சி.சி.கே.டபிள்யூ, இரண்டரை டன், ஆறு சக்கரத்துக்கும் இழுவை. ஐந்தரை லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு: முதல் சி 1941-ல் வடிவமைத்தது, அடுத்த சி எஞ்சினுக்குப் பின்னால் கேபின், கே முன் சக்கர இழுவை, டபிள்யூ பின்னால் இரண்டு ஆக்ஸிலுக்கும் இழுவை. முதலில் இரும்புக் கேபின் போட்டுக் கட்டியவர்கள், பிறகு இரும்பையும் கப்பலில் இடத்தையும் மிச்சம் பிடிக்க மேலே கித்தான் கூரைக்கு மாறினார்கள். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்ஸில் முன்னேறிப்போன படைகளுக்குப் பெட்ரோலும் குண்டும் சுமந்த ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி சேவையில் ஓடியவை பெரும்பாலும் இவைதான். ஓட்டியவர்களில் நாலில் மூன்று பங்கினர் கறுப்பின வீரர்கள். லாரியைப் பற்றி எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தியப் படையில் அதிகம் புழங்கியவை கனடாவில் ஃபோர்டும் ஷெவர்லேயும் கட்டிய, மூக்கு சப்பையான லாரிகள். நீலகிரி வாசகர் எழுதியிருப்பது அந்த இனம். போர் முடிவதற்குள் கனடா 8 லட்சத்துக்கும் மேல் போர் வண்டிகள் கட்டியிருந்தது. அதன் பிந்திய கேபினில் முன் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், பார்ப்பதற்கு விசித்திரமாகத் தெரியும். மேலே பறக்கும் விமானத்துக்குக் கண்ணாடி பளிச்சென்று காட்டிக்கொடுக்கக் கூடாது, அதற்காகத்தான். அதே கனடா ஃபோர்டு சேஸிஸின் மேல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கவச உடல் கட்டிக்கொடுத்தது, டாட்டாநகர் என்றே அந்த வண்டிக்குப் பெயர். போர் முடிந்ததும் உபரி லாரிகளை விற்றார்கள், மரத்தொட்டி கட்டி சரக்கு லாரியாகவும் பஸ்ஸாகவும் அவை வருஷக்கணக்கில் ஓடின. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், நினைவு வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார்.

மலைப்பாதையில் நாலு வீலும் போட்டுப் போய்விட்டு, இறங்கி வந்து தார் ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டினேன். இப்போது முன் ஆக்ஸில் லீவர் வெளியே வர மாட்டேன் என்கிறது. கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார்கள்.
— தேனி வாசகர்

பிரிக்க வேண்டாம், இருங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தார் பிடித்துக்கொள்ளும், விடாது. இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டில் முறுக்காக ஏறி நிற்கிறது, முறுக்கின் அழுத்தத்தில் லீவர் அசையாது. நேராக ஒரு இருபது முப்பது அடி ரிவர்ஸ் எடுங்கள், எடுத்துக்கொண்டே லீவரை மெதுவாக இழுங்கள். வராவிட்டால் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள், சக்கரம் தரையை விட்டதும் சட்டென்று சுற்றி முறுக்கு இறங்கும், கையைத் தள்ளியே வையுங்கள். பிறகு லீவர் விரலாலேயே வரும். இனி தார் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, முன் இழுவையை விடுவித்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும்.

மதிய வெயிலில் பெட்ரோல் ஏறாமல் வண்டி நின்றுவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?
— வேலூர் வாசகர்

வெயிலும் எத்தனாலும் சேர்ந்திருக்கும். எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் வேலூர் வெயிலில் கொதித்துவிடும், லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியையே இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு ஈரத்துணியைப் பம்ப் மேல் போர்த்திப் பத்து நிமிஷம் காத்திருங்கள், கிளம்பினால் காரணம் அதுதான். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் லைனை நகர்த்துங்கள், நடுவில் ஒரு தகடு கட்டுங்கள்.

எத்தனால் வேறு வழியிலும் கெடுதல் செய்கிறது. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால், இந்த எஞ்சின்கள் அதற்காகச் செய்தவை இல்லை. பம்ப் டயாஃபிரம், பழைய ரப்பர் குழாய், கார்க் மிதவை எல்லாவற்றையும் அது மெதுவாகத் தின்னும். ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், 'விட்டான்' (Viton) ரப்பர் என்று கேட்டால் கடையில் தெரியும். டேங்கில் ஈரம் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், டேங்க் அங்கிருந்துதான் அரிக்கும். மழைக்காலம் முழுக்க நிற்கப்போகும் வண்டி என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் ஷெட்டில் ஒரு பழைய மிலிட்டரி வண்டி வைத்திருக்கிறார். வேலைக்காக வெளியூரில் இருப்பதால், வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு வருஷமாகச் செய்கிறேன். இது சரிதானா?
— நாகர்கோவில் வாசகி

அம்மா, உங்கள் அக்கறைக்கு அந்த வண்டி கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது வண்டிக்குக் கெடுதல். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால், உள்ளே உண்டான தண்ணீர் ஆவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அதுதான். மாதம் ஒருமுறை அவரோ ஓட்டத் தெரிந்த யாராவதோ வந்து 20 கிலோமீட்டராவது ஓட்டட்டும், பிரேக்கும் கியரும் எல்லாம் வேலை செய்யும். அதற்கு வழியில்லை என்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், எலி வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும், பெடலை அழுத்தி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டால் ஒட்டாது.

தாத்தா அந்தக் காலத்தில் சர்ப்ளஸ் ஷெவர்லே லாரி ஓட்டியவர். மாமா இப்போது அதே மாதிரி ஒன்றை எடுத்துச் சரிசெய்து வைத்திருக்கிறார். நான் கார் நன்றாக ஓட்டுவேன், ஆனால் அந்த வண்டியில் கியர் போட்டால் கறகறவென்று சத்தம். டபுள் கிளட்ச் எப்படிப் போடுவது?
— கோவை மாணவி

முதலில் கட்டைவிரல். ஸ்டீயரிங் வளையத்தின் உள்ளே கட்டைவிரலைக் கொடுத்துப் பிடிக்காதீர்கள், மேலோடு வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சுழன்று அடிக்கும், விரல் முறியும்.

காரில் கியர்களின் வேகத்தைத் தானே பொருத்திவிடும் சிங்க்ரோ செய்கிற வேலையை இந்த வண்டியில் உங்கள் கால் செய்ய வேண்டும். மேல் கியருக்கு: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள், கிளட்சை விடுங்கள், ஒரு மூச்சு நேரம் பொறுங்கள், எஞ்சின் சத்தம் இறங்கும், மறுபடி மிதித்து அடுத்த கியர். கீழ் கியருக்கு அந்தப் பொறுமை உதவாது. மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டபடியே ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு, சத்தம் எழும்பும்போதே மறுபடி மிதித்துக் கியர். எவ்வளவு தட்ட வேண்டும் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறதோ அதற்கேற்ற மாதிரி, கீழ் கியரில் எஞ்சின் என்ன சுதியில் பாடுமோ அந்தச் சுதிக்குக் கொண்டுபோக வேண்டும். அதே நேரம் ரொம்ப விரட்டாதீர்கள். அந்த 216 கன அங்குல ஷெவர்லே எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் தெறித்துத்தான் போகிறது, அதிக வேகத்தைத் தாங்காது.

இறக்கத்தில் போய்க் கீழ் கியர் தேடாதீர்கள். நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் அந்தப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரை மேட்டின் உச்சியிலேயே போட்டுவிட்டு இறங்குங்கள்.

பழகுவதற்கு ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஊருக்கு வெளியே நேரான ரோடு ஒன்று பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, அவ்வளவு மட்டும் ஒரு மணி நேரம். தாத்தாவுக்கு ஏற முடிந்தால் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். ஐம்பது வருஷம் ஆகியிருந்தாலும் அந்தச் சுதி அவர் காதில் இருக்கும், எப்போது கியரைத் தள்ள வேண்டும் என்று அவரே "ம், இப்போ" என்பார்.